நாலரை மணி பஸ்

எங்கள் சனத்திடம் எது இல்லாவிட்டாலும் எடுப்புக்கும் பவுசுக்கும் மட்டும் குறைவில்லை. புலம்பெயர்ந்து வந்து ஸ்பிரிங்வேலில் ஒன்பது வருடமாக அவர்களோடு இருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்.

சலாட் இலைகளைக் கழுவிப் பைகளில் அடைக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அங்கேதான். காலை ஐந்து மணிக்கு இலைகளைக் கொண்டுவரும் பெல்ட் ஓடத் தொடங்கிவிடும். முதல் பஸ்ஸோ ஆறு மணிக்கு. கார் இல்லாத நான் ஐம்பது நிமிடம் நடக்க வேண்டும். இரண்டு முறை பிந்திவிட்டேன். மூன்றாவது முறை பிந்தினால் வரவே வேண்டாம் என்று வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி சொல்லிவிட்டது. நாலரைக்கு ஒரு பஸ் விடச் சொல்லி நகரசபைக்கு எழுதினேன். இந்தப் பகுதியில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்கப் போகிறோம், உங்கள் ஆட்களையும் படிவம் நிரப்பச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். "ஓம் ஓம், அதுக்கென்ன, நிரப்பித் தாறம்" என்றார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் கூடினோம். படிவங்களை வாங்க உட்கார்ந்திருந்தவர், ஊருக்கெல்லாம் கல்யாணம் பேசுகிற அன்ரி. கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றையும் எழுத்து விடாமல் வாசித்த பிறகுதான் பெட்டிக்குள் போட்டார். அதோடு எல்லாம் கெட்டது. பெல்ட்டில் என் பக்கத்தில் நின்று அழுகல் இலை பொறுக்குகிறவள் 'மனேஜர்' என்று எழுதினாள். தரை கழுவுகிறவர் என்ஜினியர் ஆனார். பெட்டி ஏற்றுகிற அண்ணன்மார் அத்தனை பேரும் ஐ.டி.

"உண்மையை எழுதினா என்ன? உமக்கு பஸ் வேண்டாமே?" என்று அந்த 'மனேஜரிடம்' சீறினேன். அவளும் என்னைப் போல நடந்து வருகிறவள்தான்.

"பஸ் கிடக்கட்டும். என்ர மகளுக்கு மாப்பிள்ளை பாக்க வேணுமெல்லோ" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் முறை வந்தது. 'பக்கிங்', பையில் அடைக்கிற வேலை என்று உள்ளதை எழுதி வைத்திருந்தேன். அன்ரி கையை நீட்டி, "நீர் என்ன வேலை, பிள்ளை?" என்று சிரித்தார். எனக்குக் கட்டிக் கொடுக்க மகளும் இல்லை, மகனும் இல்லை. ஆனாலும் அதை வெட்டிவிட்டு 'தரக் கட்டுப்பாட்டு அதிகாரி' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் இங்கே மிகக் குறைவு, புதிய பஸ் தேவைப்படவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

மறுநாள் விடியும் முன்பே நல்ல மழை. சந்தியில் பெல்ட் பக்கத்துக்காரி குடையோடு நின்றாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"உவங்களுக்கு எங்கட கஷ்டம் எங்க விளங்கப் போகுது!" என்று நகரசபையைத் திட்டினாள். வெட்கமில்லாமல் நானும் சேர்ந்து திட்டினேன். மனேஜரும் அதிகாரியுமாகத் தண்ணீர் தேங்கிய தெருக்களைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெல்ட் ஓடத் தொடங்கி நாலு நிமிடம் ஆகியிருந்தது.