மூச்சைப் பிடிக்கிற மனுஷன்

என் வீட்டுக்காரரை எல்லாரும் 'கோடு'ன்னுதான் கூப்பிடுவாங்க. பெயிண்டர். சுவரும் சீலிங்கும் சேர்ற இடத்துல, டேப் ஒட்டாம, வெறும் பிரஷ்ஷாலயே நேர்கோடு இழுப்பார். இருபது வருஷமா மேஸ்திரி அந்த வேலைக்கு, "கோடு, வாப்பா"ன்னு இவரைத்தான் கூப்பிடுவார். அந்தப் பெருமையில தலைகால் புரியாது மனுஷனுக்கு.

ஏணி சறுக்கி விழுந்தார். வலது தோள்ல ஆபரேஷன். கை காதுக்கு மேல போகலை. "மூணு மாசம் பார்க்கிறேன், அப்புறம் வேற ஆள்தான்"னு மேஸ்திரி சொல்லிட்டார்.

பிசியோதெரபி அம்மா என்னடான்னா, மல்லாக்கப் படுத்து, வயித்தை இறுக்கிக்கிட்டுக் கையைத் தூக்கச் சொன்னாங்க. அப்புறம் முட்டி போட்டுக் கையை ஊனி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டணுமாம். நடு உடம்பு ஆடினா பாரமெல்லாம் தோளுக்குத்தான் போகுமாம். இவருக்கு வந்துச்சே கோபம்! "அடிபட்டது கையில, வைத்தியம் வயித்துக்கா? நல்லா இருக்கே கூத்து!"

ஆனாலும் செஞ்சார். ஆறு வாரம் ஆகியும் தோள் கட்டை மாதிரியே இருந்துச்சு. ஒருநாள் அந்தம்மா குனிஞ்சு அவர் முகத்தைப் பார்த்தாங்க. செக்கச்செவேல்னு இருந்துச்சு. "ஏங்க, மூச்சே விட மாட்டேங்கறீங்களே!"

அப்பதான் எனக்கு உறைச்சுது. கோடு போடறப்ப கை நடுங்கக் கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுக்குவார். கையைத் தூக்கினாலே மூச்சு தானா நின்னுடும், அவ்வளவு பழக்கம். மூச்சை அடக்கினா தோள்பட்டை மேலே ஏறி இறுகிக்குமாம். "பேசினா மூச்சைப் பிடிக்க முடியாது, பேசிக்கிட்டே செய்யுங்க"ன்னாங்க அந்தம்மா.

பேசறதா? இவர் வாயைத் திறக்க வைக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி சண்டைதான். தினமும் இவர் பாயில படுத்து வயித்தை இறுக்கினதும் ஆரம்பிப்பேன். "என் தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டா வந்தீங்களே..."

"அடிப்பாவி, அதையா இன்னும் பிடிச்சுட்டிருக்கே!"

கத்தக் கத்தக் கை மேல போகும். எனக்குச் சிரிப்பா வரும். ஒருநாள் சண்டைக்கு நடுவுல அவர் குரல் உடைஞ்சுது. "கோடு வரலைன்னா நான் யாருடி?" எனக்கு அழுகைதான் வந்துச்சு.

மூணு மாசம் முடிஞ்சதும், வேலை நடக்கற வீட்டுக்கு மேஸ்திரி வரச் சொன்னார். நானும் கூடப் போனேன். கை எழும்பிச்சு, சத்தியமா எழும்பிச்சு! மூச்சு விட்டுக்கிட்டே பாதிச் சுவர் வரைக்கும் இழுத்தார். ஆனா ஒவ்வொரு மூச்சுக்கும் கோடு இத்தனூண்டு நெளிஞ்சுது. அதைப் பார்த்துட்டு மூச்சைப் பிடிச்சுட்டார், பாவி மனுஷன். நாலு விரற்கடை நேராப் போச்சு. தோள்ல சுரீர்னு வலி, கை கீழே விழுந்துச்சு.

மேஸ்திரி கிட்ட வந்து அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தார். நல்ல மனுஷன், குத்தம் சொல்ல மாட்டேன்.

"பரவாயில்லை தம்பி. நீங்க கீழ்ச்சுவர் அடிங்க. மேல வேற ஆளை வச்சுக்கறேன்."

இருபது வருஷத்துல அவர் 'கோடு'ன்னு கூப்பிடாம 'தம்பி'ன்னு கூப்பிட்டது அன்னைக்குத்தான். இவர் தலையை ஆட்டிட்டு பிரஷ்ஷை அலசப் போனார். பின்னாலயே போய் முதுகுல கை வச்சேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டா வந்தீங்களே..."ன்னு ஆரம்பிச்சேன்.

"ஆமா, தப்புதான்"னார்.