லட்சத்துக்குள் மூன்று இல்லை

அக்கா மகளுக்கு இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் விழுந்துவிட்டது. அவள் எழுந்து நடந்தால் முருகனுக்கு லட்சம் நாமம் அர்ச்சனை செய்வதாக அக்கா நேர்ந்துகொண்டாள். ஒரு வருஷத்தில், விந்தி விந்தியாவது, பெண் நடந்தாள். எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்கு முந்தைய காலம். நான் அப்போது ரோஸ் ஹில்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்.

சாந்த் குருவா பகுதியிலுள்ள கோயிலில் அக்காவோடு சேர்த்து இருபத்தைந்து பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு நூற்றெட்டு நாமம், நாமத்துக்கு ஒரு பூ. பேச்செல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்த க்ரியோல் மொழிதான்; தமிழ் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதால் நாமங்களைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நான் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

"முப்பத்தேழாவது வெள்ளியோட முடிஞ்சிடுதா, போட்டுப் பாரு" என்றாள் அக்கா.

போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். "நூறு குறையுது."

"நான் இன்னொரு தடவை சொல்லிடறேன்."

"அப்ப எட்டு கூடிடும்."

"ஆளைக் கூட்டிக் குறைச்சு சரி பண்ணேன்."

"தலைகீழா நின்னாலும் வராதுக்கா. நூற்றெட்டு மூணால வகுபடும். எத்தனை தடவை சொன்னாலும் மொத்தமும் மூணால வகுபடும். லட்சத்தைப் பாரு, ஒரு ஒண்ணு, அஞ்சு பூஜ்யம். இலக்கத்தையெல்லாம் கூட்டினா ஒண்ணுதான். அதுக்குள்ள மூணு போகவே போகாது."

அந்த எண்ணின் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. அக்காவின் முகம்தான் வெளுத்துவிட்டது. "லட்சம்னு வாய்விட்டுச் சொன்னேன். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பிள்ளை கால் மறுபடி விழுந்துட்டா?"

"உன் முருகன் என்ன, ஸ்கூல் இன்ஸ்பெக்டரா?" என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள். என் வாயை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

முப்பத்தெட்டாவது வெள்ளி அக்கா மட்டும் அர்ச்சனைக்கு உட்கார்ந்தாள். நூறாவது நாமத்துக்குப் பூவைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். தட்டில் எட்டுப் பூ மிச்சம்.

"நடுவில நிறுத்தப்படாதும்மா" என்றார் இந்தியாவிலிருந்து வந்திருந்த குருக்கள்.

அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளு" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன் லட்சம் முடிஞ்சுது. இந்த எட்டு என்னோடது. உன் கணக்கில சேராது."

எட்டையும் நானே சொன்னேன். காகிதம் தேவைப்படவில்லை. முப்பத்தேழு வாரம் சுவரோரம் நின்றதில் எல்லாம் மனப்பாடம் ஆகியிருந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா கேட்டாள், "நீ என்ன வேண்டிக்கிட்டே?"

"ஒண்ணுமில்ல. மிச்சத்தைத் தீர்த்தேன், அவ்வளவுதான்."

பொய். எங்களுக்கு முன்னால் பெண் யார் கையையும் பிடிக்காமல் பஸ் படியில் காலை வைத்தாள். எட்டு நாமத்துக்கும் நான் கேட்டது அந்தக் காலைத்தான்.