பதினாறு நிறத்தில் ஒரு சரஸ்வதி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் நான்தான் வைத்தேன். ஜோய்ஸ்டிக்கைப் பிடித்துப் பிடித்து வலது பெருவிரலில் காய்ப்பே வந்துவிட்டது. இதை முன்கூட்டியே சொல்லக் காரணம், மீதியை வாசித்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்ற பயம்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. ஜேர்மனியின் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே சில பெண்கள் துணியில் குறுக்குத் தையல் போடுவார்கள். அவர்களுக்காகக் கட்டம் போட்ட தாளில் கலர் பென்சிலால் பூவும் பறவையும் கீறிக் கொடுப்பேன். ஒரு நாள் இடைவேளை அறையில் அப்படி ஒரு கிளிக்குப் பச்சை நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஹைசுங், அதாவது அறைகளைச் சூடாக்கும் கருவி, திருத்த வந்த மனிதர் ஒருவர் என் பின்னால் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கையில் ஸ்பானர். சூடு வராத ரேடியேட்டரை மறந்து கிளியையே பார்த்துக்கொண்டு நின்றவர், "இதைக் கணினியில் செய்வாயா? பதினாறு நிறம்தான் கிடைக்கும்" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார். ஆளுக்கு விசர் என்று நினைத்தேன்.

விசர்தான், ஆனால் நல்ல விசர். பள்ளிக்கூடக் காலத்தில் வாங்கிய கொமடோர் அறுபத்துநான்கு என்ற வீட்டுக் கணினியை அவர் இன்னும் வைத்திருந்தார். அதில் டெமோ செய்வார். டெமோ என்றால் சில நிமிடக் காட்சி. இசை போகும், எழுத்துகள் ஓடும், உருவங்கள் சுழலும், நடுவில் ஒரு படம் வரும். அந்தச் சின்னப் பெட்டியால் முடியாது என்று எல்லோரும் சொல்வதை அதை வைத்தே செய்துகாட்டுவதுதான் அதன் பெருமை. எண்பதுகளில் பிடித்த பைத்தியம். அந்தக் கணினி கடைகளிலிருந்து மறைந்து பல வருடமாகியும் இவர்கள் விடுவதாக இல்லை. ஈஸ்டர் விடுமுறைக்கு ஒரு மண்டபத்தில் கூடி, பெரிய திரையில் போட்டுக்காட்டி, வாக்களித்து, முதல் மூன்று இடங்களை அறிவிப்பார்கள். ஒருவருக்கும் சொந்தப் பெயர் இல்லை, எல்லோருக்கும் புனைபெயர். எனக்கும் ஒன்று வைத்தார்கள்.

ஹைசுங்காரர் நிரல் எழுதுவார், இசையும் அமைப்பார். படம் மட்டும் வராது. அவர் கீறிய குதிரையை நான் உட்காருகிற கதிரை என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் முதல் மூன்று இடங்களில் ஒரு தடவைகூட அவர் வந்ததில்லை. இப்போது இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்த டெமோ முடியும் தறுவாயில் இருந்தது. அதற்கு ஒரு படம் தேவைப்பட்டது. "இந்த முறை வந்துவிடும் என்று நினைக்கிறேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்தால் மறுக்க மனம் வராது.

"உனக்குப் பிடித்ததைக் கீறு" என்று சொல்லி ஒரு பழைய கணினியையும் கொடுத்தார். எனக்குப் பிடித்தது எங்கள் சமையலறைச் சரஸ்வதி. தமிழ்க் கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுத்த கலண்டர் படம். நாள் தாள்கள் எல்லாம் கிழிந்து முடிந்த பிறகும் அம்மா படத்தைக் கழற்ற விடவில்லை. தாமரை, வீணை, பக்கத்தில் கழுத்தை வளைத்துக்கொண்டு ஒரு மயில்.

இங்கே நான் படம் கீறப் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வாணி விழாவுக்கு எல்லாப் பிள்ளைகளும் கலண்டரைப் பார்த்துச் சாமிப் படம் கீறிக்கொண்டு போவோம். சுவரில் குத்துவார்கள். எது கலண்டருக்குக் கிட்ட நிற்கிறதோ அதற்குத்தான் முதல் பரிசு. மூன்று வருடம் தொடர்ந்து நான்தான் வாங்கினேன். சொந்தமாக யோசித்துச் சரஸ்வதிக்கு ஜீன்ஸ் போட்ட ஒருத்திக்கு ஏச்சுத்தான் கிடைத்தது.

வேலை நாலு மாதம் எடுத்தது. அந்தக் கணினிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு கட்டத்துக்குள் நாலு நிறத்துக்கு மேல் விடாது. வெள்ளைச் சேலைக்குப் பிரச்சினை இல்லை, சாம்பலிலேயே மூன்று வகை இருந்தது. மயில்தான் உயிரை எடுத்தது. நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு என்று வைத்து முடிக்க, பக்கத்தில் தாமரை இதழின் நுனி அதே கட்டத்துக்குள் வந்து நிற்கும். இதழை ஒரு புள்ளி தள்ளினால் வளைவு கெடும். வேலை முடிந்து வந்து, கணினியை மாட்டியிருந்த தொலைக்காட்சியோடு கலண்டரைச் சாய்த்து வைத்து, ஒரு கட்டத்துக்காக ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறேன்.

வேலையின் ஒவ்வொரு படியிலும் ஒரு பிரதி சேமித்து வைக்கச் சொன்னார் ஹைசுங்காரர். யாராவது சந்தேகப்பட்டால், இது கையால் செய்தது, ஸ்கேன் செய்ததல்ல என்று காட்டலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு புள்ளிகூட இயந்திரம் வைக்கவில்லையே! சந்தோஷமாகச் சேமித்தேன்.

முடிந்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையையும் கலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அச்சு அசல்! கலண்டரக் கழட்டி ரீவிக்குள்ள வைச்ச மாதிரியெல்லே கிடக்கு!"

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

ஈஸ்டர் சனிக்கிழமை ரயிலேறிப் போனோம். மண்டபத்துக்குள் காலை வைத்ததும் எனக்கு அதிர்ச்சி. எங்கு பார்த்தாலும் ஆண்கள், கேபிள்கள், மேசைக்கடியில் தூக்கப் பைகள். மதியத்திலேயே திரைச்சீலைகளை மூடி இருட்டாக்கியிருந்தார்கள். திரையில் ஒரு கோடு வளைந்து நெளிந்தது, அவ்வளவுதான், நூற்றுக்கணக்கான பேர் எழுந்து கத்தினார்கள். அந்தக் கணினியில் கோடு அந்த இடத்தில் வளையவே கூடாதாம். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

எங்கள் டெமோ ஏழாவதாக வந்தது. ஹைசுங்காரர் என் பக்கத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். நடுவில் இசை இறங்கி, என் சரஸ்வதி கீழிருந்து மேலாக மெல்ல எழுந்து வந்தார். முதலில் ஒரு சத்தமும் இல்லை. செத்தேன் என்று நினைத்தேன். மயில் கழுத்து வந்ததும் மண்டபம் வெடித்தது. காலால் தரையை உதைத்தார்கள், மேசையில் தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அப்படிக் கத்தியதில்லை. ஹைசுங்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "முதலாவது! இது முதலாவது!" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

இடைவேளைக்கு வெளியே படிக்கட்டில் நின்றோம். போகிற வருகிற ஆட்கள் எல்லாம் கை குலுக்கினார்கள். அப்போது ஒரு தமிழ்ப் பையன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். பையன் என்று நான் சொன்னாலும் டிரெஸ்டனில் ஆராய்ச்சி செய்கிற ஆள். கூட வேலை செய்யும் நண்பன் இழுத்துவந்தானாம்.

"எக்ஸ்க்யூஸ் மீ, நீங்க தமிழா?"

"ஓம்."

"அந்த சரஸ்வதி நீங்க போட்டதாக்கா? சூப்பர்க்கா! மதுரைல எங்க வீட்டு பூஜை ரூம்ல அதே காலண்டர்தான் மாட்டியிருக்கு. அப்படியே இருக்கு, மயில் கழுத்துகூட மாறல! ஒரு செகண்ட் வீட்டுக்கே போயிட்டேன்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சொன்னால் அம்மா பாசத்தில் சொல்வார். இவன் யாரோ ஒருவன், மதுரைக்காரன், வேறொரு வீட்டில் அதே படத்தைப் பார்த்து வளர்ந்தவன். "உண்மையாவோ? நாலு மாசம் இருந்து கீறினனான்" என்றேன். அவன் கும்பிடு போட்டுவிட்டு நண்பனைத் தேடிப் போனான்.

ஹைசுங்காரருக்குத் தமிழ் தெரியாது. "என்ன சொன்னான்? பிடித்ததாமா?" என்று ஆவலாகக் கேட்டார்.

அவன் சொன்னதை ஜேர்மனில் மாற்றிச் சொன்னவள் நான்தான். சும்மா சொல்லவில்லை, பெருமையில் பூரித்துப்போய்ச் சொன்னேன். "அவருடைய வீட்டில் இருக்கிற படம் மாதிரியே இருக்கிறதாம். ஒரு வித்தியாசமும் இல்லையாம்!"

சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றது. "எந்தப் படம்?"

"கலண்டர்ப் படம். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தானே கீறினேன்."

அவர் படியில் உட்கார்ந்தார். நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு அவர் மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினார். இங்கே இன்னொருவர் கீறிய படத்தைப் பார்த்துக் கீறிவிட்டுத் தன்னுடையது என்று காட்டக் கூடாது. கையால் செய்தாலும் கூடாது. ஒரு காலத்தில் நிறையப் பேர் புத்தக அட்டைகளைப் பார்த்துக் கீறிப் பெயரெடுத்தார்கள், பிறகு பிடிபட்டு முகம் காட்ட முடியாமல் போனார்கள். இங்கே அதைவிடக் கேவலமான குற்றம் இல்லை.

எதைப் பாராட்டு என்று தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தேனோ, அது இவர்களுடைய ஊரில் குற்றச்சாட்டு! கோபமும் வந்தது. உள்ளே திரையில் வந்த டிராகன்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சகோதரம் போலத்தானே இருந்தன? அதைக் கேட்டும்விட்டேன். "நான் திருடியில்லை. நாலு மாதம் கீறினேன்" என்று கத்தினேன். "தெரியும்" என்றார். "நான்தான் கேட்டிருக்க வேண்டும்."

வாக்களிப்பு முடிய இன்னும் நேரம் இருந்தது. அப்போது என் வாயிலிருந்து ஒன்று வந்தது. "அவன் தமிழில்தானே சொன்னான். நம் இருவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது."

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவளாக இருந்தேன். இப்போது எல்லாம் தெரிந்துகொண்டு ஒளிக்கச் சொல்கிறேன். வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏற்பாட்டாளர்களின் மேசைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். எங்கள் டெமோவை எடுத்துவிடச் சொன்னார். அங்கே இருந்த பெண் திகைத்துப்போய், "எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஏன்?" என்று கேட்டாள். "என் தவறு" என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பட்டியலில் ஒரு கோடு போட்டாள். இரண்டு வருடம் அவருடையது, நாலு மாதம் என்னுடையது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கோடு.

திரும்பி வரும் ரயிலில் பாதி வழி வந்திருப்போம். அவர் கேட்டார், "அதை யார் கீறியது?"

"எதை?"

"கலண்டர்ப் படத்தை."

அன்றைய நாளின் மிகப் பெரிய அடி எனக்கு அதுதான். பதில் தெரியாததுகூடப் பெரிதில்லை, அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை. சரஸ்வதியை யாராவது கீறுவார்களா? அவர் கலண்டரோடு வருவார், கடைக்காரர் சுருட்டி ரப்பர் பட்டி போட்டுத் தருவார். ஒரு மனிதன் உட்கார்ந்து அந்த மயிலின் கழுத்தை யோசித்து வளைத்திருப்பான் என்று ஒரு நாளும் நான் நினைக்கவில்லை.

"பெயரைக் கண்டுபிடி" என்றார் அவர். "கீழே அவருடைய பெயரைப் போட்டு, பார்த்துக் கீறியது என்று எழுதி வெளியிடுவோம். அது தப்பில்லை."

எனக்கு உயிர் வந்தது. அடுத்த வேலை நாளே தமிழ்க் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணை சிரித்தார். "என்ன பிள்ளை கேக்கிறாய்? கலண்டரக் கீறினது ஆரெண்டு ஆருக்குத் தெரியும்? பெட்டியா வரும், நாங்கள் எங்கட பேரை அடிச்சுக் குடுக்கிறம்."

"வேற ஆரிட்டயும் கேக்க ஏலாதோ அண்ணை?"

அவர் இறக்குமதி செய்கிறவருக்குத் தொலைபேசி எடுத்தார், பாவம். அவருக்கும் தெரியவில்லை. சிவகாசியில் அச்சாகி வருகிறது என்று மட்டும் சொன்னாராம்.

அன்று முதியோர் இல்லத்திலிருந்து பூதக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி வந்து, கலண்டரைச் சமையலறை மேசையில் விரித்தேன். கடையின் பெயர் பெரிதாக இருந்தது. தொலைபேசி எண் இருந்தது. அம்மா பொட்டு வைத்த இடம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டு இடது மூலைக்கு வந்தேன். தாமரைத் தண்டுக்குக் கீழே, தண்ணீரில், நெளிநெளியாக மெல்லிய கோடுகள். நான் அலை என்று நினைத்துக் கீறியவை. கண்ணாடிக்குள் அவை அலை போல இல்லை. ஒரு சுழிப்பு, ஒரு வளைவு, அடியில் ஒரு இழுப்பு. கையெழுத்து. அச்சில் மை பரவி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எந்த மொழி என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

ஹைசுங்காரருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "வாசிக்க முடிகிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் காத்திருப்போம்" என்றார். இன்னும் காத்திருக்கிறோம். அந்த டெமோ வெளிவரவில்லை, அவர் இன்னொன்று செய்யவும் இல்லை.

தொலைபேசியை வைத்த பிறகு கணினியைப் போட்டு என் படத்தைத் திரையில் கொண்டுவந்தேன். இடது மூலையில் அந்தக் கையெழுத்தும் இருந்தது. கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அதன் கடைசி வளைவுகளை நானே அழித்து, தண்ணீர் போல மின்னட்டும் என்று மேலே இளநீலம் தடவியிருந்தேன். வலது மூலையில் என் புனைபெயர் இருந்தது. அதை மட்டும் யாரும் தெளிவாக வாசிக்கலாம்.