மூன்றாவது துப்பாக்கி

சிவகொழுந்து தன் கட்டிலில் உட்காராமல் நான்கு நாளாகிவிட்டது. துணி மடிப்பதும், தலை வாருவதும், மகளோடு போனில் பேசுவதும் எல்லாம் நின்றுகொண்டேதான். படுக்க வேண்டியிருந்தால் பாயை ஜன்னலோரம் விரித்துக்கொண்டாள். அங்கேயும் ஒருக்களித்தால் கண் கட்டிலுக்கு அடியில்தான் போனது.

ஊருக்குப் போக இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பெட்டியைத் துடைத்து வைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். பெட்டிக்குப் பின்னால் ஒரு பச்சைக் கம்பளி சுருட்டிக் கிடந்தது. வீட்டுக்கார மேடம் பழைய கம்பளியை இங்கே வைத்திருக்கிறார் போலும் என்று எடுக்கப் போனவள், கனம் தாங்காமல் கையை விட்டாள். தரையில் இரும்பு மோதிய சத்தம். கம்பளியின் நுனி விலகி இரட்டைக் குழல் தெரிந்தது.

அவளுக்கு அது பழக்கப்பட்ட துப்பாக்கிதான். ஓமானின் சோஹாரில் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த ஒன்பது வருடத்தில், ஐயா நாஸர் மாதத்துக்கு ஒரு தடவை அதை முற்றத்தில் பிரித்துப் போட்டு எண்ணெய் பூசுவதைப் பார்த்திருக்கிறாள். தேநீர்க் கோப்பையை எட்ட நின்று வைத்துவிட்டு வருவாள். மலையில் விலங்குகளைச் சுடக்கூடாதென்று அரசு தடை போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அதன்பிறகு ஐயா சுடப் போகவில்லை. துடைப்பதோடு சரி. எந்த அரசாங்கப் பேப்பரும் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்கிற மனிதர் அவர். லைசென்ஸ் புதுப்பித்து வைத்திருந்தார். வீட்டு இன்சூரன்ஸில் மூன்று துப்பாக்கிகளையும் தனித்தனியாக எழுதிச் சேர்த்திருந்தார். களவு போனாலும், அதனால் யாருக்காவது காயம் பட்டாலும் கம்பெனி பொறுப்பு.

அவர் இறந்து மூன்று மாதம். லைசென்ஸ் ஆளோடு போய்விடும் என்பதால், துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் ஹிலால் ஒப்படைத்த அன்றைக்கு வந்திருந்தார். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டு, காப்பி குடித்து, இரண்டு துப்பாக்கிகளை எழுதி வாங்கிக்கொண்டு, மூன்றாவதைத் தேடிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவது எங்கே என்று ஹிலால் கேட்டதற்கு, "அலமாரியில் இருந்தது இவ்வளவுதான்" என்றார் மேடம் ஷம்ஸா. சிவகொழுந்து காப்பித் தட்டோடு கதவருகே நின்று அதைக் கேட்டாள்.

அந்த மூன்றாவதுதான் இப்போது அவள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அவள் மேடத்திடம் கேட்கவில்லை. மேடமும் சொல்லவில்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சி கொடுக்கும்போது மேடம் அவள் முகத்தை ஒரு கணம் அதிகமாகப் பார்த்தது போல இருந்தது. அது நிஜமா தன் பயமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒரே கூடத்தை இரண்டு தடவை பெருக்கினாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்தாள். தெருவில் எந்தக் கார் நின்றாலும் மாடி ஜன்னலுக்கு ஓடினாள். தான் ஊருக்குப் போனபிறகு யாராவது இந்த அறையைத் திறந்து பார்த்தால், அது யாருடையது என்று சொல்வார்கள்? அறை அவளுடையது. கட்டில் அவளுடையது. முன்னால் கிடந்த பெட்டியில் அவள் பெயர் எழுதியிருந்தது.

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் சிவகொழுந்து. புருஷன் வேறொருத்தியோடு கொழும்புக்குப் போய்விட்ட வருடம், ஏழு வயது மஹதியைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். மஹதிக்கு இப்போது பதினாறு. பரீட்சை நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். "பதினெட்டு நாள்தாம்மா" என்று போனில் சொல்லும்போதே சிவகொழுந்துவின் கால் தரையில் நிற்காமல் அறையை அளந்துகொண்டிருந்தது.

விஷயம் வியாழக்கிழமை வேறு மாதிரி திரும்பியது. தாய் சொன்னதை நம்பிய ஹிலால், மூன்றாவது துப்பாக்கி காணாமல் போய்விட்டது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிவிட்டிருந்தார். விசாரித்து அறிக்கை கொடுக்க மஸ்கட்டின் ரூவியிலிருந்து ஒரு சர்வேயர் காரில் வந்தார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், கையில் ஒரு கோப்பு. மேடத்திடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, வேலைக்காரப் பெண்ணையும் கேட்க வேண்டும் என்று சமையலறைக்கு வந்தார்.

"நீங்கள் சிலோனே? எவடம்?" என்றார் தமிழில்.

"பொகவந்தலாவைங்க."

"நான் சுன்னாகம். தாரகன் என்ர பேர். பயப்பிட ஒண்டுமில்லை அக்கா, தெரிஞ்சதைச் சொன்னால் காணும். துவக்கு வைக்கிற அலுமாரித் திறப்பு ஆரிட்ட இருந்தது?"

"துப்பாக்கி அலமாரிச் சாவி ஐயாகிட்டதாங்க இருந்திச்சு. அவுரு போனதுக்கப்புறம் மேடம்கிட்ட."

"வேற ஒருத்தரும் எடுக்கிறேல்லையோ?"

"இல்லீங்க."

"முன்னம் இருந்த டிரைவர்?"

சிவகொழுந்து கரண்டியைக் கீழே வைத்தாள். "முரளி அண்ணனா?"

"முரளிதரன். பெரியவர் செத்த கையோட இந்த வேலையை விட்டிட்டு, இப்ப துபாய்ப் பக்கம் அஜ்மான்ல வேலை செய்யிறாராம். அவரிலதான் சந்தேகம் எண்டு மகன் எழுதித் தந்திருக்கிறார்."

முரளிதரன் நான்கு வருடம் இந்த வீட்டுக் காரை ஓட்டியவர். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது க்ளினிக்கில் ஆறு மணி நேரம் கூட உட்கார்ந்திருந்தவர். துப்பாக்கி அலமாரி எந்த அறையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

"எழுதிட்டா என்னாங்க ஆவும்?"

"துவக்கு காணேல்லை எண்டால் அது கம்பெனியோட நிக்காது. பொலிசுக்குப் போகும். பேர் இருந்தால் அந்த ஆளைக் கூப்பிடுவினம். அவர் இஞ்சால வரேக்க ஓமான் போடரில மறிக்கலாம். எனக்குத் தெரியாது, அது அவையின்ர வேலை." அவர் ஒரு தாளை நீட்டினார். "நீங்கள் சொன்னதை இங்கிலிசில எழுதியிருக்கிறன். வாசிச்சுக் காட்டுறன். துவக்கைப் பற்றி ஒண்டும் தெரியாது, திறப்பு எடுக்கேல்லை, டிரைவர் வீட்டுக்குள்ள வந்து போறவர். சரியோ?"

எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தால் சரிதான். முதல் வரியைத் தவிர. அதையும் டிரைவர் பேச்சையும் அவள் சொல்லவேயில்லை.

"கறி அடுப்புல இருக்குங்க. கொஞ்ச நேரம் குடுங்க."

தாரகன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்தார். "நான் வெளியால சாப்பிட்டிட்டு நாலு மணிக்கு வாறன். மஸ்கட் போக முதல் எனக்குக் கையெழுத்து வேணும்."

அவர் கார் தெருவைத் தாண்டியதும் அவள் மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் தொழுகைப் பாயை மடித்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் உடம்பு, நிமிர்ந்த முதுகு. இருவரும் பேசுவது சிவகொழுந்து இந்த வீட்டில் பழகிய அரபி. பாதி சொற்கள் இருக்காது, ஆனால் இருவருக்கும் விளங்கும்.

"மேடம், அது என் அறையில் இருக்கிறது."

"தெரியும்."

"ஏன் என் அறை?"

"இந்த வீட்டில் யாரும் நுழையாத அறை அது ஒன்றுதான். ஹிலால் என் அலமாரியைக்கூடத் திறந்து பார்ப்பான்."

அதை மேடம் நம்பிக்கையின் அடையாளம் போலச் சொன்னார். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"போலீஸ் வந்தால் என்னைப் பிடிப்பார்கள்."

"யாரும் வர மாட்டார்கள்."

"மேடம், நீங்கள் ஏன் கொடுக்கவில்லை?"

மேடம் பாயைக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னதை அவர் முழுக்க அவளுக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. கல்யாணமான வருடம் நாஸர் அவரை மலைக்கு அழைத்துப் போனார். அப்போது தடை இல்லை. தோளில் கட்டையை வைத்துப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். இரண்டாவது தோட்டாவில் ஒரு முயல். தோள் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. மாமியாருக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் இன்றுவரை தெரியாது.

"அதன்பிறகு ஆறு வருடம் அவரோடு போனேன். அந்தத் துப்பாக்கியில் அதிகம் சுட்டது நான். பேப்பரில் மட்டும்தான் அவர் பெயர்."

சிவகொழுந்துவுக்கு உள்ளே இளகியது. அதே சமயம், இளகினால் நாலு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதும் புரிந்தது.

"முரளி பெயரை எழுதியிருக்கிறார்கள்."

"எந்த முரளி?"

"டிரைவர். அவன்தான் எடுத்திருப்பான் என்று உங்கள் மகன் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேடத்தின் முகம் மாறியது. இது அவருக்குப் புதுச் செய்தி. ஆனால் அடுத்த நொடி குரல் உயர்ந்தது. "நீ யார் மாட்டேன் என்று சொல்ல? போ. உன் வேலையைப் பார்."

அவள் போனாள். நேராகத் தன் அறைக்குப் போய், முழங்காலிட்டு, கம்பளியோடு சேர்த்து அதை இழுத்தாள். குழல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே தூக்கினாள். கட்டிலின் மேல் போட்டாள். அறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள். பிறகு முற்றத்தில் போய், மதில் நிழலில், வெறும் தரையில் உட்கார்ந்தாள். வேலையைவிட்டு அனுப்பினால் அனுப்பட்டும். பயணச்சீட்டு இருக்கிறது. பாஸ்போர்ட் மேடத்திடம் இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து குழாயைத் திறந்து, காய்ந்துகொண்டிருந்த துணியை மீண்டும் நனைத்துப் பிழிந்தாள்.

மாடிப்படியில் மேடம் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் அறை வாசலில் சத்தம் நின்றது. பிறகு போனில் மேடத்தின் குரல். மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். முதலில் மெதுவாக, பிறகு கோபமாக, பிறகு மறுபடி மெதுவாக.

தாரகன் சரியாக நாலு மணிக்கு வந்தபோது, துப்பாக்கி கூடத்து மேசையில் இருந்தது. பச்சைக் கம்பளியைக் காணோம். மேடம் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கே இருந்தது?" என்று தாரகன் அரபியில் கேட்டார்.

"என் அலமாரியில். நான் வைத்தேன். நான் மறைத்தேன்."

தாரகன் குனிந்து துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணைச் சரிபார்த்தார். ஒருமுறை சமையலறைப் பக்கம் பார்த்தார். சிவகொழுந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. போகும்போது சமையலறை வாசலில் நின்று, "க்ளெய்மை நிப்பாட்டியாச்சு. மகன் எழுதினதைத் திருப்பி எடுக்கச் சொல்லியாச்சு. அந்தப் பேர் ஒரு இடத்துக்கும் போகாது" என்றார்.

"நெசமாவாங்க?"

"ஓம் அக்கா. தாள் என்னோடதான் இருக்கு. நான் கிழிச்சுப் போடுவன்."

விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஹிலால் வந்து, துப்பாக்கியோடு தாயைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். தாமதத்துக்கு விளக்கம் எழுதி வாங்கினார்கள். மேலே விசாரணை வருமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. திரும்பி வந்த ஹிலாலின் முகம் இறுகியிருந்தது. கோபத்தைவிட அதில் திகைப்புதான் அதிகம். காவல் நிலையத்தில் தாய் அந்த அதிகாரியிடம், துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்ற என்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அதன்பின் மேடம் சிவகொழுந்துவோடு பதினோரு நாள் பேசவில்லை. தட்டை வைத்தால் எடுத்துக்கொள்வார். தேநீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுவார். சிவகொழுந்துவுக்கு அது வேறொரு விதமான நிம்மதியின்மை. கட்டிலில் படுத்தாள், ஆனால் விழித்தபோதெல்லாம் தப்புச் செய்துவிட்டோமா என்ற கேள்வி வந்தது. கிளம்புகிற அன்று பாஸ்போர்ட்டைக் கேட்டாள். மேடம் எடுத்து வந்து கையில் கொடுத்தார்.

"திரும்பி வருவாயா?"

"வந்தால் இது என்னிடம்தான் இருக்கும், மேடம்."

மேடம் தலையை அசைத்தார். சரி என்பதா, பார்க்கலாம் என்பதா என்று தெரியவில்லை.

மஹதியின் பரீட்சை முடிந்தது. வேறு வீடு தேடலாம் என்று தங்கச்சி சொன்னாள். சிவகொழுந்து இரண்டு ஏஜென்சிகளில் பெயர் கொடுத்தாள், ஒன்றிலிருந்து அழைப்பும் வந்தது, போகவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. இரண்டு மாதத்தில் சோஹாருக்குத் திரும்பிவிட்டாள். பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை.

வந்த மூன்றாம் நாள் மேடம் அபாயாவைப் போட்டுக்கொண்டு நின்றார். துப்பாக்கி லைசென்ஸ் விண்ணப்பத்துக்குக் கண் பரிசோதனை வேண்டுமாம். ஹிலால் கூட வர மறுத்துவிட்டார். "நீ வா" என்றார் மேடம்.

க்ளினிக்கில் நர்ஸ் ஒரு கண்ணை மூடச் சொன்னாள். சுவரில் எழுத்துப் பலகை. முதல் வரியை மேடம் தயங்காமல் படித்தார். இரண்டாவதையும். மூன்றாவதில் நின்றார். பின்னால் நின்ற சிவகொழுந்துவுக்கு அந்த அரபி எழுத்துகள் எதுவும் தெரியாது. அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாள். மேடம் தரையில் போட்டிருந்த கோட்டை மிதித்தபடி இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"பின்னால போங்க, கோட்டைத் தாண்டாதீங்க" என்று நர்ஸ் அரபியில் சொன்னாள்.