கிளறன்ஸுக்கு ஒரு பொன்னாடை

கொழும்பில் தமிழ்க் கூட்டங்களுக்குப் போய்வருகிற எவருக்கும் கிளறன்ஸைத் தெரியும். ஆனால் அவர் பேசி முழுதாகக் கேட்டவர் ஒருவரும் இல்லை. அது அவர் பேச்சின் குற்றமில்லை, ஐயா. அவர் பேசுவது நன்றியுரை. மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வாழ்த்தியவரை வாழ்த்தி இன்னொரு வாழ்த்துரை, சிறப்புரை என்று எல்லாம் முடிந்து, சனத்துக்கு முதுகு வலித்து, கீழே றோல்ஸ் பொரிக்கிற மணம் மேலே ஏறி வருகிற நேரம் பார்த்துத்தான் நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிடுவார்கள். அவர் "இறுதியாக" என்று வாயெடுக்க முன்னமே நாற்காலிகள் இழுபடும். முன்வரிசைப் பெரியவர்கள் அவருக்குத் தலையை ஆட்டிக்கொண்டே கைப்பையைத் தேடுவார்கள்.

ஆள் கொட்டாஞ்சேனை. துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற குரல், மைக் இல்லாவிட்டாலும் கோயிலின் கடைசி வாங்கில் இருப்பவர்வரை போகும். அந்தக் குரலுக்குக் கிடைத்த தண்டனைதான் இது. எப்போதோ வெள்ளவத்தையில் ஒரு கூட்டத்தில் நன்றி சொல்ல வேண்டியவர் றெயினைப் பிடிக்க ஓடிவிட, "கிளறன்ஸ், நீர் ஒருக்கா ஏறும்" என்று இவரைத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு ஏறியவர்தான். அதற்குப் பிறகு கொழும்பில் எந்தத் தமிழ் அழைப்பிதழை எடுத்தாலும் அடியில், அச்சகத்தின் பெயருக்கு ஒரு வரி மேலே, அவர் பெயர் இருக்கும்.

அவரை அதிகம் வேலைவாங்கியது வெள்ளவத்தையில் இருக்கிற "அனைத்துலகத் தமிழர் உறவுப் பாலம்" என்ற சங்கம். அனைத்துலகம் பெயரில் மட்டும்தான். ஆட்கள் எல்லாரும் காலி வீதிக்கும் பாமன்கடைக்கும் நடுவில் குடியிருப்பவர்கள். தலைவர் குணநாயகம், பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தலைவர் பதவியிலிருந்து ஓய்வுபெறுகிற எண்ணம் அவருக்குக் கனவிலும் கிடையாது.

சங்கத்தின் பொன்னாடைகள் எல்லாம் கிளறன்ஸ் வீட்டு அலுமாரியில்தான் இருக்கும். பேச வந்தவர்கள் தங்களுக்குப் போர்த்தியதை அப்படியே கதிரையில் விட்டுவிட்டுப் போவார்கள். கிளறன்ஸ் பொறுக்கிக்கொண்டு வருவார், மனைவி றஞ்சிதம் கழுவுவாள், இவர் அயன் பண்ணி மடித்து வைப்பார். அடுத்த கூட்டத்தில் அதே பொன்னாடை இன்னொருவர் தோளில் ஏறும். ஒரு பச்சைப் பொன்னாடை மூன்று பேராசிரியர்களைக் கண்டிருக்கிறது. ஆனால் இத்தனை வருசத்தில் ஒன்றாவது கிளறன்ஸின் தோளைத் தொட்டதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதோடு சரி.

அந்த ஆசை அவருக்கு இருந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, நல்லாகவே இருந்தது. றஞ்சிதத்துக்கும் தெரியும்.

"அலுமாரி நிறையக் கிடக்குத்தானே. ஒண்ட எடுத்துப் போத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால நில்லுங்களேன்" என்பாள்.

"தானே எடுத்துப் போத்துறதுக்கு இது என்ன துவாயா? இன்னொருத்தர் போத்தினாத்தான் இது பொன்னாடை" என்பார் கிளறன்ஸ்.

இப்படி இருக்கையில்தான் ஆபிரிக்காவிலிருந்து எம்.பி.மார் வந்தார்கள். நம்முடைய பாராளுமன்றம் எப்படி நடக்கிறது என்று பார்த்துப் படித்துக்கொண்டு போக வந்த குழு. இதைப் படிக்கவா பிளேன் ஏறி இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று கேட்காதீர்கள், வந்தார்கள். பாராளுமன்றத்தில் வேலைபார்க்கிற குணநாயகத்தின் மருமகன் மாமனாருக்குப் போன் போட்டு, "சதர்ன் ஆபிரிக்காவில இருந்து எம்.பி.மார் வந்திருக்கினம் மாமா, ஒரு பின்னேரம் அவைக்கு வேலையில்லை" என்றான். குணநாயகத்தின் காதில் அது "சவுத் ஆபிரிக்கா" என்று விழுந்தது. சவுத்துக்கும் சதர்னுக்கும் நடுவே ஒரு முழு நாடு காணாமல் போய்விட்டது.

தென்னாபிரிக்கா என்றால் சும்மாவா? அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழரின் பேரப்பிள்ளைகள் அங்கே பெரிய பெரிய இடங்களில் இருக்கிறார்கள். குழுத்தலைவரின் பெயரைக் கேட்டதும் குணநாயகத்துக்குச் சந்தேகமே போய்விட்டது. பெயர் செல்லோ மூரோசி.

"பார்த்தீரோ கிளறன்ஸ்? செல்லையா மூர்த்தி. மூண்டு தலைமுறையில தேய்ஞ்சு செல்லோ மூரோசி ஆகிப் போச்சு. ஆள் எங்கட ஆள்தான், இதில கதையில்லை."

"நாட்டுப் பேர் லெசோத்தோ எண்டல்லோ போட்டிருக்கு சேர்" என்றார் கிளறன்ஸ்.

குணநாயகம் போனில் வரைபடத்தை விரித்துக் காட்டினார். லெசோத்தோ தென்னாபிரிக்காவின் நட்ட நடுவில், தோசைக்கு நடுவே விழுந்த ஓட்டை போல இருந்தது. "உள்ளுக்குத்தானே கிடக்கு? அங்கத்தே ஒரு மாகாணமாக்கும்" என்றார். கிளறன்ஸ் வாயை மூடிக்கொண்டார். ஏனென்றால் அடுத்த வாக்கியம் அவர் வாழ்க்கையில் கேட்ட மிக நல்ல வாக்கியமாக இருந்தது.

"இந்தமுறை உமக்கும் ஒண்டு போர்த்துவம். செல்லையா மூர்த்தியின்ரை கையால. புதுசா, நல்லதாப் பார்த்து வாங்கும்."

வெள்ளவத்தையில் கடைகடையாக ஏறி இறங்கி, அரக்கு நிறத்தில் தங்கக்கரை போட்டதாக ஒன்று வாங்கினார். தன் சாமானைத் தானே தெரிவுசெய்வதில் ஒரு கூச்சம் இருந்தது, ஆனாலும் கரையை விரலால் தடவித் தடவிப் பார்த்துத்தான் வாங்கினார். இந்தக் கூட்டங்களின் பக்கமே தலைவைக்காத றஞ்சிதம் அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள். ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது, இனிப் போகாமல் இருக்கமுடியுமா?

மண்டபத்து வாசலில் "தென்னாபிரிக்கத் தொப்புள்கொடி உறவுகளே வருக" என்று பனர் கட்டியிருந்தது. நாதஸ்வரக்காரர்கள் ஊதத் தயாராக நின்றார்கள். வான் வந்து நின்றது. கோட்டு சூட்டோடு உயரமான ஒரு மனிதரும், அவருக்குப் பின்னால் இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் இறங்கினார்கள். எல்லாரும் அசல் ஆபிரிக்கர்கள். நாதஸ்வரம் பாதியில் நின்று, யாரோ கையைக் காட்ட மறுபடி தொடங்கியது.

குணநாயகம் வானுக்குள்ளே எட்டிப் பார்த்தார். மூர்த்தி உள்ளே இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. சாரதிதான் இருந்தான்.

"மூர்த்தி?" என்று கேட்டார்.

"மூரோசி" என்று கையைக் குலுக்கினார் அந்த மனிதர்.

தாங்கள் தென்னாபிரிக்காவுக்கு உள்ளேதான் இருக்கிறோம், ஆனால் அதற்குச் சொந்தமில்லை, தனி நாடு, தனிப் பாராளுமன்றம் என்று அவர் இங்கிலிஷில் பொறுமையாக விளக்கினார். இதை அவர் உலகம் முழுக்க விளக்கிக் களைத்தவர் என்று குரலிலேயே தெரிந்தது. இன்னொருவராக இருந்தால் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டிருப்பார். குணநாயகமா? தலைமையுரையில் அவர் ஒரே போடாகப் போட்டார். வாழையிலையில் சோறுண்ட நம் மூதாதையர் அந்த மலைநாட்டுக்கு வைத்த பெயர் "இலைச்சோறு" என்றும், அதுதான் மருவி லெசோத்தோ ஆயிற்று என்றும் அவர் முழங்க, சபை கைதட்டியது. விருந்தாளிகளும் தட்டினார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்?

பிறகு பொன்னாடை. கிளறன்ஸ் தட்டோடு நின்றார். அரக்குப் பொன்னாடையை அடியில் வைத்திருந்தார், கடைசியாக வரட்டும் என்று. விருந்தாளிகளுக்குப் போர்த்தினார்கள். தலைவருக்குச் செயலாளர் போர்த்தினார், செயலாளருக்குப் பொருளாளர் போர்த்தினார், பொருளாளருக்குத் தலைவர் போர்த்தினார். தட்டில் அரக்கு மட்டும் மிஞ்சியது. கிளறன்ஸ் சேட்டுக் கொலரைச் சரிசெய்தார். முன்வரிசையில் றஞ்சிதம் போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாரானாள்.

அந்த நேரம் பார்த்து, யாரும் அழைக்காத ஒரு பழைய மாநகரசபை உறுப்பினர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். குணநாயகம் எழும்பி ஓடினார், கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தார், தட்டில் கிடந்ததை உருவினார். கிளறன்ஸின் பக்கம் லேசாகச் சரிந்து, "நீர் எங்கட ஆள்தானே, அடுத்தமுறை பார்ப்பம்" என்றார். மூரோசியின் கையில் அரக்குப் பொன்னாடையைக் கொடுத்து, வந்த மனிதரின் தோளில் போர்த்தவைத்தார்.

கிளறன்ஸுக்கு வெறுந்தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. றஞ்சிதம் போனை மெதுவாகக் கைப்பைக்குள் வைப்பதைப் பார்த்தார். தட்டு பறிபோனதைவிட, சே, பொன்னாடை பறிபோனதைவிட, அவள் அப்படிச் சத்தமில்லாமல் வைத்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இனி நன்றியுரை என்று அறிவித்தார்கள். சபை வழக்கம்போல எழும்பியது. றோல்ஸ் மணம் படியேறி வந்திருந்தது. பழைய உறுப்பினர் அரக்குப் பொன்னாடையோடு முதலாளாக இறங்கினார். குணநாயகம் விருந்தாளிகளைப் பார்த்து, "ப்ளீஸ், டீ" என்று படியைக் காட்டினார். மூரோசி அசையவில்லை. "ஒருவர் பேசப் போகிறாரே" என்றார். அவர் இருந்ததால் மற்ற நால்வரும் இருந்தார்கள். குணநாயகம் சற்றுநேரம் தவித்துவிட்டுத் தேநீருக்கே போனார்.

ஆக, மண்டபத்தில் தமிழ் தெரியாத ஐந்து பேர், றஞ்சிதம், ஒலிபெருக்கிக்காரன் ரிம்ஸான். கிளறன்ஸ் மைக்கைப் பிடித்தார். இத்தனை வருசத்தில் முதல்முறையாக ஐந்து சோடிக் கண்கள் அவரையே பார்த்தன. எழுதிக்கொண்டு வந்ததைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"இறுதியாக" என்று தொடங்கினார். "இந்த அவைக்கு வருகை தந்து, இப்பொழுது அவையை விட்டு ஓடிவிட்ட பெரியோர்களுக்கு எமது மனமார்ந்த நன்றி."

அன்றைக்கு அந்த ஐவரும் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச்சொல் நன்றிதான். அது காதில் விழுந்ததும் கைதட்டினார்கள்.

"லெசோத்தோ எங்கே இருக்கிறது என்று தெரியாமலே அதற்கு இலை போட்டுச் சோறும் பரிமாறிய தலைவர் அவர்களுக்கு நன்றி."

கைதட்டல் பலமாக விழுந்தது. ரிம்ஸான் சிரிப்பை அடக்கமுடியாமல் பெட்டிக்குப் பின்னால் குனிந்தான்.

"எனக்கென்று, என்னைக் கொண்டே வாங்குவித்த பொன்னாடையை, என் கையிலிருந்தே உருவி, வழியில் வந்தவருக்குப் போர்த்துவித்த பெருந்தன்மைக்கும் அவருக்கே நன்றி. நான் அவர்கள் ஆள் என்றபடியால் எனக்கு ஒன்றும் தேவையில்லை என்று கண்டுபிடித்த செயற்குழுவுக்கு நன்றி. என் மனைவி றஞ்சிதம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அவளை இப்படி உட்கார்த்தி வைத்துப் பார்க்கச் செய்ததற்கு என்னுடைய, என்னுடைய..."

றஞ்சிதத்தைப் பார்த்தார். "நன்றி" என்று முடித்தார். ஐவரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

இதில் ஒரு சங்கதி. தேநீர் குடிப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று ரிம்ஸான் படிக்குக் கீழே ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தான். கடித்த றோல்ஸை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கீழே ஒரு சபையே நின்றுகொண்டிருந்தது என்று பிறகு கேள்வி. பழைய உறுப்பினர் பொன்னாடையை மடித்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டாராம்.

மூரோசி மேடைக்கு ஏறி வந்தார். கையில் ஒரு தடித்த கம்பளிப் போர்வை, நீலத்தில் பழுப்புக் கோடுகள் போட்டது. எங்கள் ஊரில் மதிப்புக்குரியவருக்கு இதைத்தான் போர்த்துவோம், உங்கள் தலைவருக்கென்று கொண்டுவந்தேன் என்று இங்கிலிஷில் சொன்னபடியே அதைக் கிளறன்ஸின் தோளில் போர்த்தினார்.

"சேர், உங்களுக்கு நான் சொன்னது ஒண்டும் விளங்கியிராதே" என்று இவரும் இங்கிலிஷில் தடுமாறினார்.

"நான் எதிர்க்கட்சி. யாரும் கேட்காத சபையில் பேசிப் பழகியவன். அந்தப் பேச்சு எந்த மொழியில் வந்தாலும் எனக்கு விளங்கும்" என்றார் மூரோசி.

படம் எடுக்க றஞ்சிதம் ஒருத்திதான் இருந்தாள். அவசரத்தில் எடுத்த படத்தில் பாதிப் போர்வையும் ஒரு காதும்தான் விழுந்தன.

மறுநாள் காலையில் குணநாயகத்தின் போன் வந்தது. கொட்டாஞ்சேனை வெயில் கூரைத்தகட்டை வேகவைத்துக்கொண்டிருந்தது. கிளறன்ஸ் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். வியர்வை கழுத்தால் ஓடியது. கழற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் றஞ்சிதம் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"கிளறன்ஸ், நேற்று நீர் கதைச்சதைப் பற்றி நான் ஒண்டும் பெரிசுபடுத்தேல்லை. ஆனா அந்தக் கம்பளி சங்கத்துக்கு வந்த பொருள். தலைவருக்கெண்டு கொண்டு வந்ததெண்டு அந்த ஆளே சொன்னது ஸ்பீக்கரில கேட்டது. இண்டைக்கே கொண்டுவந்து தாரும்."

"ஏலாது சேர். அது எனக்குப் போத்தினது."

கிளறன்ஸின் வாயிலிருந்து "ஏலாது" என்ற சொல்லைக் குணநாயகம் கேட்டதே இல்லை.

"அப்பிடியெண்டா இனி நன்றியுரைக்கு நாங்கள் வேற ஆளைத்தான் பார்க்கவேண்டி வரும். விளங்குதோ?"

"விளங்குது சேர்" என்றார் கிளறன்ஸ்.

போனை வைக்குமுன் எப்போதும் சொல்கிற "நன்றி சேர்" நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டுப் போனை வைத்தார்.