கமாண்டர் நல்லகாமன் வீசிய துண்டு

கமாண்டர் நல்லகாமன் எழுபத்தொன்றாம் வருடம் பாகிஸ்தானோடு நடந்த போரில் கப்பலிலிருந்து விமானம் ஓட்டியவர். அதை யாரும் மறுக்கவில்லை. மறக்க அவர் விடவும் இல்லை. காதுகுத்துக்கு வந்தாலும் கையாலேயே விமானத்தைக் கப்பலில் ஒருமுறை இறக்கிக் காட்டிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார்.

கடற்படையை விட்டு வந்ததும் கொட்டாம்பட்டிப் பக்கம் கல்குவாரி எடுத்தார். உடைத்த கல் லாரியில் போனது. கழிவெல்லாம் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடையில் விழுந்தது. ஓடை மேடாகிவிட்டது. இந்த லட்சணத்தில், எழுபது வயதுக்கு மேல், கண்மாய்களைப் பாதுகாக்கும் வாரியத்துக்கு அவரையே தலைவராகப் போட்டார்கள். பாலுக்குப் பூனை காவல். மதுரையில் பிளக்ஸ் வைத்தவர்கள் அவர் தலைக்கு மேல் விமானம் வேறு பறக்கவிட்டிருந்தார்கள்.

போன பங்குனியில் மீன்பிடித் திருவிழாவுக்கு அவரைத்தான் அழைத்தோம். எங்களைச் சொல்ல வேண்டும். கண்மாய் முழங்காலளவு வற்றியதும் ஊரே வலையோடும் கூடையோடும் கரையில் நிற்கும். பெரிய மனிதர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசினால்தான் இறங்கலாம். வீசிவிட்டால் அப்புறம் யார் பேச்சும் யார் காதிலும் ஏறாது.

துண்டை அவர் கையில் கொடுத்ததும் பாண்டியம்மாள் எதிரே போய் நின்றாள். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவள். அந்த வருடமும் தண்ணீரில்லாமல் அவள் நெல் கருகிவிட்டது. அவள் பின்னால் மகன் அழகுமலையும் ஊரில் பாதிப்பேரும் நின்றார்கள்.

"ஐயா, ஓடைய எப்பத் தோண்டுவீக? மைக்குல நாளச் சொல்லிட்டு அப்புறம் துண்ட வீசுங்க."

கமாண்டர் மைக்கைப் பிடித்தார். "யுத்தத்துல நான்..."

"யுத்தம் முடிஞ்சுருச்சுய்யா. நாளச் சொல்லுங்க."

கரை முழுக்கச் சிரிப்பு. மனிதர் மைக்கைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டென்று துண்டை ஓங்கி வீசினார்.

அவ்வளவுதான். பின்னால் நின்ற பாதி ஊரும் சேர்ந்து கண்மாய்க்குள் பாய்ந்தது. எதிரி விமானத்திடம் எப்படித் தப்பினாரோ, பாண்டியம்மாளிடம் இப்படித் தப்பி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட எங்கள் ஊர்மேல் வந்த ஆத்திரம்தான் அதிகம். வெட்கங்கெட்ட கூட்டம்.

முதலில் குதித்தவன் அழகுமலை. சேறும் சிரிப்புமாக, கை நீள விராலைத் தூக்கிக்கொண்டு கரையேறினான்.

"ஆத்தா, எம்புட்டுப் பெருசு பாரு!"

பாண்டியம்மாள் மீனைப் பார்க்கவில்லை.

"கார் கெளம்பப் போகுது. ஓடிப்போயி அதையும் அவருக்கே குடுத்துருடா. ஓடையவே குடுத்தாச்சு, மீனு எதுக்கு நமக்கு?"