ரிப்பனுக்குக் குனிந்தவள்

ஸ்போர்ட்ஸுக்கு முதல் நாள் சாயங்காலம், சூலியா தெருவில் எங்கள் வீட்டு 'அஞ்சடி'யில், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரை போட்டு நீளும் நடைபாதையில், வெள்ளை பூசிய கான்வாஸ் சப்பாத்து காயும்போது எழும் ஈரச் சுண்ணாம்பு வாசனை இருக்கிறதே, அதை நினைத்தாலே இன்றைக்கும் என் கால்விரல்கள் தாமாக மடங்குகின்றன.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளித் திடலில் என் முதல் ஓட்டம், வெறும் ஐம்பது மீட்டர். விசில் ஊதியதும் ஓடினேன். பக்கத்தில் யாருமில்லை, எதிரே சிவப்பு ரிப்பன், அதன் ஒரு முனையில் தலைமையாசிரியர், மறு முனையில் பெரிய டீச்சர். பெரியவர்கள் நிற்கும்போது நடுவே நிமிர்ந்து போகக்கூடாது, வலக்கையைத் தாழ்த்திக் குனிந்து, வழி கேட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா நான் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே பழக்கியிருந்தார். வேகத்தைக் குறைத்தேன், குனிந்தேன், மலாய்ப் பிள்ளைகளிடம் கற்றபடி 'தும்பாங் லாலு', கொஞ்சம் வழி விடுங்கள், என்று சொல்லி ரிப்பனுக்கு அடியில் நுழைவதற்குள் ஒருத்தி அதை நெஞ்சில் வாரிக்கொண்டு போக, அவள் பின்னாலேயே இன்னும் இருவரும் போய்விட்டார்கள்.

மறுநாளிலிருந்து பள்ளியில் அதுவே என் பெயர். "ஏய், தும்பாங் லாலு வருதுடி, வழி விடுங்கடி!" என்று கேண்டீன் வரிசையில்கூட ஒதுங்கி நின்று சிரிப்பார்கள். அடுத்த ஆண்டு ரிப்பனை நெஞ்சால் தொடாவிட்டால் ஆறாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பெயர் போகாது.

அஞ்சடியில் ரிப்பனுக்குப் பதில் நூல் கட்டிப் பழகினேன். தம்பி ஒரு முனையைப் பிடித்து மறு முனையைத் தூணில் கட்டினால் பாய்ந்துவிடுவேன். "உனக்குப் பெரியவங்கதான்க்கா வியாதி," என்று அவன் கண்டுபிடித்தான். ஆகவே வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் தையற்கடைக் காதர் மாமாவையும் பக்கத்து ஊதுபத்திக் கடைச் சீன அம்மாவையும் கெஞ்சி நூல் பிடிக்க வைத்தோம். அந்த அம்மாவைத் தெருவே 'ஆசோ' என்றுதான் கூப்பிடும். எத்தனை முறை ஓடினாலும் முதுகு வளைந்தது. "ஏம்மா, நூலுதானே புடிச்சிருக்கோம், கத்தியா புடிச்சிருக்கோம்?" என்பார் காதர் மாமா. ஒருநாள் ஆசோவை யாரோ கூப்பிட, இருவரும் திரும்பிப் பார்த்த நேரத்தில் நான் நிமிர்ந்தபடியே நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டேன். அவர்கள் முதுகுக்கு மரியாதை தேவைப்படவில்லை! அப்புறம் ஒரு மாதம் முதுகைக் காட்டி, அரைகுறை மலாயில் மீன் விலை பேசிக்கொண்டே பிடித்தார்கள்; பிறகு பாதி முகம். நான் ஓடி முடிக்கும்வரை தம்பி வாய்விட்டு எண்ணும் கணக்கும் இருபதிலிருந்து பதினைந்துக்கு இறங்கியது. ஆனால் முழு முகம் தெரிந்தால் கடைசி இரண்டடியில் கழுத்து சரிந்துவிடும்.

அம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். "பெரிய மனுசங்கள நூலு புடிக்க வெச்சிட்டு நடுவுல ஓடுறியாடி? வெக்கமா இல்ல?"

"விடு தங்கச்சி, நாங்கதான் ஓடச் சொன்னோம்லா," என்றார் காதர் மாமா. அம்மா உள்ளே போனார். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஸ்போர்ட்ஸுக்கு முந்தின வாரம் ஆசோ கோயிலுக்குப் போயிருந்தார். நூலின் ஒரு முனை தரையில் கிடந்தது. அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார், முனையை எடுத்தார், என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"குனியாம வாடி."

ஓடினேன். அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. நூல் என் நெஞ்சில் பட்டு அறுந்தது. மிச்ச நூலை அம்மா விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே போனார்.

அந்த ஆண்டு ரிப்பனோடு, நிற்கத் தெரியாமல், வேலி வரைக்கும் ஓடினேன். "நில்லும்மா, முடிஞ்சிருச்சு!" என்று தலைமையாசிரியர் பின்னாலேயே வந்தார். பரிசு ஒரு சோப்புப் பெட்டி.

வாடகை ஏற ஏற ஒவ்வொரு குடும்பமாகத் தெருவை விட்டுத் தள்ளிக் கெலுகோருக்கும், அக்கரையில் பட்டர்வொர்த்துக்கும் போய்விட்டது. காதர் மாமா இல்லை, ஆசோ இல்லை, அம்மாவும் இல்லை. போன மாதம் அந்த அஞ்சடியில் நடந்தேன். தையற்கடை இருந்த இடத்தில் பயணிகள் விடுதி. ஊதுபத்தி மணத்த வாசலில் காபி இயந்திரம் இரைகிறது. வாசலில் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் இருவர் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தி ஒதுங்கி நின்றார்கள். எந்தப் பெரியவருக்காக என்று சுற்றிப் பார்த்தேன். அந்தத் தெருவில் இப்போது நூல் பிடிக்கிற வயது எனக்குத்தான்.